ஊசி பெஞ்சு

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க ஏன் பல் டாக்டர் ஆனீங்க?" என்பதுதான். மேடைக்கென்று நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். மலையில் பாடுபடும் ஜனங்களுக்கு உதவ வேண்டும் என்று சின்ன வயதிலேயே நினைத்தேன் என்பேன். சுத்தப் பொய். டாக்டர் படிப்புக்கு எனக்கு மார்க் பத்தவில்லை, பல் மருத்துவம் கிடைத்தது, அவ்வளவுதான். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பல்லுப் புடுங்குறதுக்கு அஞ்சு வருசம் படிக்கணுமாக்கும்?" என்று சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு.

படித்து முடித்து எங்கள் ஊர் போடியிலேயே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிளினிக் போட்டேன். வருகிறவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆம்பளை டாக்டர் இல்லை என்று தெரிந்ததும் "அப்புறமா வர்றோம்" என்று நழுவிவிடுவார்கள். ஒரு பெரியவர் மட்டும் மூஞ்சிக்கு நேராகவே கேட்டார். "ஏத்தா, ஒங் கையில அம்புட்டுத் தெம்பு இருக்கா? பாதியில விட்டுட்டு ஆளத் தேடி ஓட மாட்டியே?" எனக்கு வந்த ஆத்திரத்தில், அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடைவாய்ப் பல்லை எடுத்துத் தட்டில் போட்டேன். டங்கென்று ஒரு சத்தம். அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தி, முடிஞ்சுபோச்சா?" என்றார். ஏன் பல் டாக்டர் ஆனேன் என்பதற்கு உண்மையான காரணம் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. அந்தச் சத்தமும் அந்தக் கேள்வியும் எனக்கு வேண்டியிருந்தன.

ஊரில் பேச்சு பரவியது. பொம்பளை என்று பார்க்காதே, இரும்புக் கை என்றார்கள். வெரசா எடுத்துவிடுவார், வலியே தெரியாது என்றார்கள். அதன் பிறகு ஒருத்தரும் நாக்கு மேல் பல்லைப் போட்டு என்னைக் குறை சொன்னதில்லை. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் மலையிலிருந்து வரும். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டுகளில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஜீப்பில் இறங்கி வருவார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று வாங்கிக்கொண்டு, கடைசியாகத்தான் பல் ஞாபகம் வரும். ஜீப்பு மூன்று மணிக்குக் கிளம்பும். ஒருத்தருக்காகப் பன்னிரண்டு பேர் காத்திருக்க முடியாது. வேரை மட்டும் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றலாம், நாலு தடவை வர வேண்டியிருக்கும் என்று சொன்னால், "நாலு வாரம் லீவு யாரு குடுப்பா? புடுங்கி விடுங்க டாக்டரம்மா, சோலி முடியட்டும்" என்பார்கள். நான் எத்தனை நல்ல பற்களை எடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஜீப்பு நேரத்துக்குத் தோதாக நானே ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். வராந்தாவில் ஒரு இரும்பு பெஞ்சு. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்வார்கள். என் உதவியாளர் அக்கா டார்ச் பிடித்துக்கொண்டு வர, "எந்தப் பல்லு?" என்று கேட்டபடி முதல் ஆளிலிருந்து மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டே போவேன். ஐந்தாவது ஆளுக்குப் போட்டு முடிப்பதற்குள் முதல் ஆளுக்கு மரத்திருக்கும். உள்ளே கூப்பிட்டு எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஜனங்கள் அதற்கு ஊசி பெஞ்சு என்று பெயர் வைத்தார்கள். அதில் உட்கார்ந்தவர்களிடம் நான் வேறு எதையும் கேட்டதில்லை. அவர்கள் விரல் எந்தப் பல்லைக் காட்டுகிறதோ அதை மட்டும் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு அக்கா நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையால் வாயைப் பொத்தியே பேசுகிறவர். மேலே ஏலக்காய் எடுப்பு தொடங்கப் பத்து நாள் இருந்தது. அதற்குள் பல்வலியைத் தீர்த்துக்கொண்டு போக வந்திருந்தார். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். பல் ஆடியது. ஊசி போடக் கன்னத்தைப் பல் பார்க்கும் கண்ணாடியால் விலக்கினேன். ஈறும் கன்னமும் சேருகிற மடிப்பில், கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு தெரிந்தது. வெள்ளையும் சிவப்புமாக இருந்தது. ஓரம் தடித்திருந்தது.

எனக்குத் தெரிந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது. இது நல்லதில்லை என்று மனசு உடனே சொன்னது. ஐந்து வருசப் படிப்பு பல்லுப் பிடுங்குவதற்கு இல்லை, இந்தத் திட்டைக் கண்டுபிடிப்பதற்குத்தான். ஆனால் மறு நிமிஷமே, புகையிலை ஒதுக்குகிற எல்லார் வாயிலும் ஏதாவது இருக்கும், சுண்ணாம்பு பட்டுப் புண்ணாகியிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியே ஜீப்புக்காரர் ஆரன் அடித்தார். ஊசியைப் போட்டேன்.

நாற்காலிக்கு வந்ததும் அவரே பேச்சை எடுத்தார். நாக்கு பாதி மரத்து, வார்த்தை குழறியது. "டாக்டரம்மா, கன்னத்துக்குள்ள சொரசொரன்னு இருக்கு. காரம் பட்டா தீயா எரியுது. அதையும் ஒரு பார்வ பாருங்களேன்."

"போயிலைய விடுங்கக்கா, எல்லாம் போகப் போகச் சரியாயிரும்."

"எங்கிட்டு விட? தோட்டம் பூரா பூச்சி மருந்து அடிச்சிருக்கு. கைய வாய்க்குக் கொண்டுபோனா கொமட்டும். விடியக்காலம் ஒருவாட்டி ஒதுக்கிட்டா மத்தியானக் கஞ்சி வரைக்கும் பசி தெரியாது."

"சரி, அடுத்த தடவ வரும்போது பாப்போம். வாயத் தெறங்க."

பல்லை எடுத்தேன். ரொம்பச் சுலபமாக வந்தது. அப்படி வந்திருக்கவே கூடாது, அதையும் கவனித்தேன். பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அவருடைய அட்டையில் "இடது கன்னம், அடுத்த முறை பார்க்கவும்" என்று எழுதினேன். எழுதி வைத்ததால் கடமையைச் செய்துவிட்டது போல ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்த அடுத்த முறை தீபாவளி கழிந்த பிறகு வந்தது. நடுவில் காய் எடுப்பு, ஞாயிற்றுக்கிழமை கூட லீவு இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. என் உதவியாளர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல் எடுத்த குழி மூடவே இல்லை. அதிலிருந்து காலிபிளவர் பூ மாதிரி சதை எழும்பி நின்றது. தாடைக்குக் கீழே கை வைத்தேன். கல்லாக ஒரு கட்டி. கூட அவருடைய புருஷனும் தங்கச்சியும் வந்திருந்தார்கள். தங்கச்சிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதே எஸ்டேட்டில், அக்காவின் வீட்டுக்கு அடுத்த வீடு.

"குழி வலிச்சா அதுக்குள்ளயே போயிலைய வச்சு அமுக்கிக்கிருவா டாக்டரம்மா. வச்சா மரத்துரும்ல" என்றார் தங்கச்சி.

"பல்லப் புடுங்குன நாள்ல இருந்துதான் இப்படி" என்றார் புருஷன். கோபமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

நான் சொன்னேன், "இப்பத்தான் தெரியுது அண்ணே. ஒரு நாள் கூடத் தள்ளாம மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க." அந்த "இப்பத்தான்" என்ற வார்த்தை தானாக வரவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

மதுரையில் தாடையில் பாதியை எடுத்தார்கள். கரண்டு வைத்தார்கள், கதிர் சிகிச்சையை ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். பங்குனியில் ஒரு நாள் ஊருக்குத் திரும்பும் வழியில் புருஷன் அவரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மூக்கில் குழாய். முகத்தின் ஒரு பக்கமே இல்லை. பேச முடியாது. சரியான நேரத்தில் மதுரைக்கு அனுப்பி வைத்த டாக்டர் என்று நினைத்து, அந்த அக்கா என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "ஒங்களப் பாக்கணும்னு அடம் டாக்டரம்மா" என்றார் புருஷன். நானும் கும்பிட்டேன். அவர்கள் படியிறங்கும் வரை எப்படியோ நின்றுவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த காய் எடுப்பு தொடங்குவதற்குள் அவர் இறந்துபோனார்.

அதற்கப்புறம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. டாக்டரம்மா பல்லைப் பிடுங்கினார், அந்தக் குழியில் புற்று வந்துவிட்டது, பல்லைப் பிடுங்கினால் புற்று வரும். மலை முழுக்க அதுதான் பேச்சு. பார்க்கிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் தெரியும். பல் இருந்தவரை அவர் நன்றாக இருந்தார், எடுத்த இடத்தில்தான் சதை வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசி பெஞ்சு வெறிச்சோடிப் போனது. எனக்கு வந்ததே கோபம்! "படிக்காத ஜனங்க, எதையாவது எதோடயாவது முடிச்சுப் போட்டுக்கிட்டு" என்று கிளினிக்கே அதிரக் கத்தினேன்.

"அப்ப நாம சொல்லிருவோம் மேடம்" என்றார் என் உதவியாளர் அக்கா. கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர், அதிகம் பேச மாட்டார். "பல்லுப் புடுங்குனா புத்து வராது, அது முன்னாடியே இருந்துச்சுன்னு."

"முன்னாடியே இருந்துச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கள்ல?"

அவர் டிராயரைத் திறந்து, அந்த அட்டையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு டார்ச்சைத் துடைக்கப் போய்விட்டார். அன்றைக்கு டார்ச் பிடித்தது அவர்தானே. திட்டை அவரும் பார்த்திருக்கிறார். என் மேல் இல்லாத குற்றத்தைத் துடைக்க வேண்டுமானால், என் மேல் இருக்கிற குற்றத்தை நானே எடுத்துக் காட்ட வேண்டும். நான் அட்டையைத் திரும்ப டிராயரில் போட்டேன். ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு நாள் ஜீப்புக்காரர் தன் பல்லைக் காட்ட வந்தார். அவருக்கு மட்டும் பயமில்லையா என்று கேட்டேன். "எனக்கென்ன, நான் கீழ ஊர்க்காரன்" என்றவர், பஞ்சைக் கடித்துக்கொண்டே சொன்னார். "மேல ஒரு சனம் பல்லுன்னு வாயத் தெறக்க மாட்டேங்குது டாக்டரம்மா. செத்துப்போன அக்காவோட தங்கச்சி இருக்குல்ல, அதுக்கும் அதே கன்னத்துல வெள்ளையாப் படிஞ்சிருக்குன்னு எம் பொஞ்சாதி பாத்துட்டு வந்து சொல்றா. டாக்டர்ட்ட காட்டுன்னா, எங்கக்கா காட்டித்தான செத்தான்னு கேக்குதாம். வலி தெரியாம இருக்க இன்னும் ரெண்டு தடவ சேத்து ஒதுக்குதாம்."

அன்றைக்கு வேறு யாரையும் பார்க்கவில்லை. அக்காவை விட்டது கவனக்குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது. தங்கச்சியையும் விட்டால் அது கொலை. வேறு பேர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்காரரின் வண்டியிலேயே மேலே போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் என்னைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். போடிமெட்டு தாண்டி மண் பாதையில் இறங்கி, எஸ்டேட் கட்டிக்கொடுத்திருக்கும் வரிசை வீடுகள் வரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லயம் என்பார்கள் அந்த வீடுகளை. புருஷன் வீட்டில் இருந்தார். சுவரில் அந்த அக்காவின் படம், முழு முகத்தோடு. தங்கச்சி பால் இல்லாத கட்டஞ்சாயா கொண்டு வந்து வைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நல்லது, எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

"பல்லப் புடுங்குனா புத்து வராது" என்று தொடங்கினேன். "அது புடுங்குறதுக்கு முன்னாடியே அவங்க கன்னத்துல இருந்துச்சு. போயிலை ஒதுக்குற எடத்துல. பல்லு ஆடுனதே அதனாலதான்."

புருஷன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முன்னாடியே இருந்துச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊசி போடையில பாத்தேன்."

"பாத்தியளா?"

"பாத்தேன் அண்ணே."

"பாத்துட்டு?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அவங்களே கேட்டாங்க. அப்பவும் விட்டுட்டேன். ஒங்ககிட்ட இப்பத்தான் தெரியுதுன்னு சொன்னது பொய்."

வாசலில் ஒரு பெண் "அடிப்பாவி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். புருஷன் கேட்டார். "அன்னைக்கே அனுப்பியிருந்தா இருந்திருப்பாளா?"

பொய் சொல்லலாமா என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது. "உறுதியாச் சொல்ல முடியாது அண்ணே. இருந்திருக்கலாம்."

"அவ ஒங்களக் கும்பிட்டாளே" என்றார். அவர் கத்தியிருந்தால், நாலு அறை அறைந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நான் தங்கச்சியிடம் திரும்பினேன். பையிலிருந்து டார்ச்சை எடுத்து, "ஒரு தடவ வாயத் தெற தாயி. பாத்துட்டு மட்டும் சொல்றேன். எதையும் தொட மாட்டேன்" என்றேன். அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஒங்ககிட்ட தெறக்க மாட்டேன்."

"எங்கிட்ட வேணாம். மதுரைக்குப் போ. நாளைக்கே போ. வேற டாக்டர் பாக்கட்டும்." கடிதத்தை முன்பே எழுதி வைத்திருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கவில்லை. புருஷன்தான் எழுந்து வந்து வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயா ஆறிப்போயிருந்தது. நான் எழுந்தேன். எங்கள் பக்கம் எதிரியைக் கூட, "போயிட்டு வாங்க" என்றுதான் வாசலிலிருந்து அனுப்புவார்கள். புருஷன் "போங்க" என்றார்.

இப்போது பெஞ்சில் யாருக்கும் ஊசி போடுவதில்லை. யார் வந்தாலும், எந்தப் பல்லைக் காட்டினாலும், முதலில் வாய் முழுக்கப் பார்க்கிறேன். இரண்டு கன்னமும், நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து அதன் அடியும் ஓரமும். என்ன செய்கிறது, எத்தனை நாளாக என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை கையில் எதையும் எடுப்பதில்லை. வேகம் போய்விட்டது, டாக்டரம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். மலை ஜனங்கள் கொஞ்சம் பேர் திரும்ப வருகிறார்கள், பாதிப் பேர் வருவதில்லை. போன வருசம் மூன்று பேரை மதுரைக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் போகவே இல்லை.

தங்கச்சி போனார். அந்த வாரமே கொழுந்தியாளைக் கூட்டிக்கொண்டு அக்கா புருஷன் மதுரைக்குப் போனார் என்று ஜீப்புக்காரர் வந்து சொன்னார். புற்றின் தொடக்கம்தானாம். திட்டை மட்டும் வெட்டி எடுத்துத் தையல் போட்டு அனுப்பிவிட்டார்களாம். தாடையைத் தொடவில்லையாம். இப்போது தங்கச்சி புகையிலையைத் தொடுவதில்லை, காய் எடுக்கிறார், மதியம் வரை வாயில் ஒன்றும் இல்லாமல் பசியோடுதான் எடுக்கிறார்.

போன மாதம் அவருக்கு வலது பக்கம் ஒரு பல் வலித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கியவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் கிளினிக் வாசலைத் தாண்டிப் போனதை நான் உள்ளே இருந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நிற்கவில்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தேனிக்குப் போகும் பஸ்சில் ஏறிக்கொண்டார்.